ஐந்நூற்றி ஒன்றாவது யூனிட்

மீட்டர் பெட்டிக்குள் செருகி வைத்திருக்கும் ஈ.பி. அட்டையில் ஒரு வீட்டின் கதை முழுக்க இருக்கிறது. படிக்கத் தெரிந்தால் போதும். ஃப்ரிட்ஜ் வந்த மாதம், கிரைண்டர் காயில் எரிந்து ஒரு மாதம் அரவை மில்லுக்குப் போன காலம், அக்கா பிரசவத்துக்கு வந்து இரவெல்லாம் விளக்கு எரிந்த நாட்கள், நான் கல்லூரி விடுதிக்குப் போனபின் குறைந்த இருபது யூனிட், எல்லாம் அதில் எண்களாக விழுந்து கிடக்கும். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு அட்டைகளை அப்பா 1994 முதல் ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறார். ரேஷன் கார்டு, பத்திரம், எல்.ஐ.சி. பாண்டு, அதற்கடுத்து இந்த அட்டைக் கட்டு.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து 2013-இல் ஓய்வு பெற்றவர். நான் இ.இ.இ. படித்துவிட்டு, அந்த மூன்று எழுத்துக்கும் தொடர்பில்லாமல் சென்னையில் ஜாவா எழுதிக்கொண்டிருப்பவன். கரண்ட்டைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால் எனக்கு இருப்பது டிகிரி, அவருக்கு இருப்பது தழும்பு. அதனால் அவர் பேசுவார், நான் கேட்பேன். சோலார் விஷயத்தில்தான் முதல்முறையாக நான் பேச ஆரம்பித்தேன்.

காரணம் அம்மா. மேலும் சரியாகச் சொன்னால், அம்மாவும் ஐந்நூறு என்கிற எண்ணும்.

*

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணத்தின் அமைப்பை வெளியூர் நண்பர்களுக்கு விளக்குவது கஷ்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. 2016 மே மாதத்திலிருந்து முதல் நூறு யூனிட் எல்லோருக்கும் இலவசம். குடிசைக்கும் நூறு, பங்களாவுக்கும் நூறு. அதற்குமேல் படிப்படியாக ஏறும். ஆனால் ஐந்நூறில் ஒரு பள்ளம் இருக்கிறது.

2022 செப்டம்பரில் வந்த கட்டணப் பட்டியலை வைத்து கணக்குப் போடலாம். அதன்பின் விலை கொஞ்சம் ஏறியிருக்கிறது, 2024 ஜூலையில் மட்டும் 4.83 சதவீதம். ஆனால் வடிவம் அதேதான். நீங்கள் இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் ஓட்டினால், முதல் நூறு போக, அடுத்த நூறுக்கு 2.25, அடுத்த இருநூறுக்கு 4.50, கடைசி நூறுக்கு 6 ரூபாய். மொத்தம் 1,725. அதுவே 501 ஓட்டினால் நீங்கள் வேறு வகையறாவுக்குப் போய்விடுகிறீர்கள். 2.25 என்கிற படியே உங்களுக்கு இல்லை. நூறு முதல் நானூறு வரை எல்லாமே 4.50. ஐந்நூறைத் தாண்டிய அந்த ஒற்றை யூனிட் எட்டு ரூபாய். மொத்தம் 1,958. அதாவது ஐந்நூற்றி ஒன்றாவது யூனிட்டின் விலை 233 ரூபாய்.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இது புரியும். ஒரு இஃப் கண்டிஷன், அவ்வளவுதான். ஆனால் அந்த இஃப் கண்டிஷனுக்குள் என் அம்மா குடியிருந்தாள்.

அப்பாவுக்கு பைபாஸ் ஆனபின் 2019-இல் ஏ.சி. வாங்கினோம். கோவில்பட்டி வெயில் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கரிசல் மண் பகலில் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். ஏ.சி. வந்த நாளிலிருந்து அம்மா மீட்டரைப் படிக்க ஆரம்பித்தாள். காலையில் கோலம் போட்டுவிட்டு, மீட்டர் பெட்டியைத் திறந்து, எண்ணை காலண்டரில் குறித்து வைப்பாள். கணக்கெடுக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் இருக்கும்போது 450-ஐத் தொட்டுவிட்டால் வீட்டில் அவசரநிலை. ஏ.சி. பன்னிரண்டு மணிக்கு அணையும். பிறகு பதினொரு மணிக்கு. பிறகு அப்பாவுக்கு மட்டும் தூங்கும்வரை. கிரைண்டருக்குப் பதில் மிக்ஸி. ஒருமுறை மே மாதம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, நடுராத்திரியில் அம்மா எழுந்து வந்து சமையல்கட்டுத் தரையில் ஈரத்துணி விரித்துப் படுத்திருந்ததைப் பார்த்தேன்.

"என்னம்மா இது? இருநூறு ரூபாதான, நான் கட்டுறேன்."

"இருநூறுக்காக இல்லய்யா. அது அநியாயமா இருக்குல்ல. ஒரு யூனிட்டுக்கு இருநூறு."

அவள் சொன்னது பொருளாதாரப் புத்தகத்தில் வரும் வாதம்தான். ஆனால் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு சொன்னாள். எவ்வளவு கட்டினாலும் அவளுடைய அந்தக் கணக்கை நிறுத்த முடியாது என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. காசை நான் அனுப்பலாம். படியை அழித்தால்தான் அவள் தூங்குவாள்.

*

பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஒரு கோடி வீடுகள், ரூ.75,021 கோடி ஒதுக்கீடு. மானியம் எளிமையானது: முதல் இரண்டு கிலோவாட்டுக்கு, ஒவ்வொன்றுக்கும் ரூ.30,000. மூன்றாவதற்கு ரூ.18,000. அதற்குமேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் ரூ.78,000-தான் உச்சம். பேனல் இந்தியாவில் செய்த செல்களைக் கொண்டதாக இருக்க வேண்டும். முழுத்தொகையையும் முதலில் நாம் கட்ட வேண்டும், மானியம் பிறகு வங்கிக் கணக்குக்கு வரும்.

சோலார் தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை என்று அப்பா ஆரம்பித்தார். 2011-இல் வந்த பசுமை வீடுகள் திட்டத்தில் முந்நூறு சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்கு கொடுத்தார்கள். 2012-இல் மாநில சூரியசக்திக் கொள்கை வந்தபோது, வீட்டுக்கூரையில் தயாரிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் முதல் இரண்டு வருஷம் இரண்டு ரூபாய், அடுத்த இரண்டு வருஷம் ஒரு ரூபாய், அதற்கடுத்து ஐம்பது பைசா ஊக்கத்தொகை என்றார்கள். மூன்று வருஷத்தில் மூவாயிரம் மெகாவாட் என்பது அந்தக் கொள்கையின் இலக்கு. ஊரெல்லாம் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. "அப்ப பேனல் வெல கேட்டா தலை சுத்தும்ல" என்றார் அப்பா. கொள்கை இருந்தது, விலை இல்லை. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் மாறியது விலைதான்.

விற்க வந்த பையன் நல்லவன். என்னைவிடப் பத்து வயது சின்னவன், டேப்லெட்டில் அழகான வரைபடங்கள் வைத்திருந்தான். மூன்று கிலோவாட் போடச் சொன்னான். "முழு மானியமும் கெடைக்கும் சார். எழுபத்தெட்டாயிரத்த ஏன் விடணும்?" மொத்த விலை ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம், மானியம் போக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.

அப்பா எழுந்து போய் அட்டைக் கட்டை எடுத்து வந்தார். முந்தின வருஷத்தின் ஆறு எண்களை ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதினார். 380, 420, 640, 720, 560, 400. கூட்டினால் 3,120. அதற்குக் கீழே ஆறு நூறு, இலவசம். கழித்தால் 2,520.

"ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு எவ்வளவு தம்பி தரும்?"

"சராசரியா நாலு யூனிட் சார்."

"அப்ப ரெண்டு கிலோவாட் எட்டு. வருஷத்துக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். எனக்கு வேண்டியது ரெண்டாயிரத்து ஐநூத்தி இருபது. மூணாவது எதுக்கு?"

பையனிடம் பதில் இல்லை. என்னிடமும்தான். மானியம் கூட வருகிறது என்பதற்காக பொருளைக் கூட வாங்குவது எவ்வளவு இயல்பாக நம் மண்டையில் ஏறியிருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு கிலோவாட் ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். மானியம் அறுபதாயிரம் போக எழுபத்தைந்தாயிரம். எங்கள் வருஷ பில் பன்னிரண்டாயிரத்து எழுநூறு சொச்சம், அதில் கிட்டத்தட்ட எல்லாமே மிச்சமாகும். மூன்று கிலோவாட் போட்டால் போட்ட காசு திரும்ப எட்டரை வருஷத்துக்கு மேல், இரண்டு போட்டால் ஆறு வருஷம். சோலார் வாங்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஏதாவது உபயோகமான தகவல் உண்டென்றால் இதுதான்: கூரையை அளக்கும் முன் அட்டையை எடுத்து, ஆறு எண்ணையும் கூட்டுங்கள்.

அப்பா அதே பத்திரிகையில் இன்னொரு கூட்டல் போட்டார். 69 + 6 = 75. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல" என்றார்.

பேனலுக்கு இருபத்தைந்து வருஷம் உத்தரவாதம் என்று பையன் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. போட்ட காசு திரும்பும் காலம் என்று எக்செல் தாளில் நாம் எழுதும் ஒரு கட்டம், அறுபத்தொன்பது வயதுக்காரர் கையில் வேறு ஒன்றாக ஆகிவிடுகிறது. முப்பத்தைந்தில் இருக்கும் எனக்கு ஆறு வருஷம் என்பது ஒரு எண். அவருக்கு அது வைத்துப் பார்க்க வேண்டிய தொலைவு.

*

பேரம் முடிகிற நேரத்தில் நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் கேட்பதுதான். "கரண்ட் போச்சுன்னா இது ஓடும்ல?"

ஓடாது. இதுதான் வீட்டுக்கூரை சோலாரில் மக்களுக்கு வரும் முதல் ஏமாற்றம். பாட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பில், வெளியே கரண்ட் போனால் சோலார் இன்வெர்ட்டரும் தன்னை அணைத்துக்கொள்ளும். உச்சி வெயில் அடிக்கும், பேனல் தகதகக்கும், வீட்டில் மின்விசிறி சுற்றாது. பையன் தயங்கித் தயங்கி, "அது டிசைனே அப்படித்தான் சார்" என்றான். "என்ன டிசைன் இது" என்று நான் எரிச்சல்பட்டேன்.

அப்பா சாவதானமாகச் சொன்னார். "நிக்கணும்ல. கம்பத்துல ஒருத்தன் ஏறியிருப்பான்."

இதை நான் மூன்றாம் வருஷத்தில் படித்திருக்கிறேன். தேர்வில் எழுதியிருக்கிறேன். ஆன்டி ஐலேண்டிங் என்று தலைப்பு, எட்டு மதிப்பெண். கம்பியில் மின்சாரம் இல்லை என்றால் அதன் பொருள், பழுது பார்க்க அணைத்திருக்கலாம் என்பது. எந்த வீட்டிலிருந்தாவது அந்தக் கம்பிக்குள் மின்சாரம் திரும்ப ஏறினால், செத்த கம்பி என்று நம்பித் தொட்டவர் செத்துப்போவார். அதனால் இன்வெர்ட்டர் விநாடிக்குள் வெளியே கரண்ட் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் தானும் நிற்க வேண்டும்.

அப்பாவுக்கு இது பாடம் இல்லை. 2012-இல் கரண்ட் போகும் நேரத்தைவிட வரும் நேரம் குறைவாக இருந்தபோது, ஊரில் கடைக்குக் கடை ஜெனரேட்டர், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். எல்லாவற்றையும் ஒழுங்காக மாற்றுச் சுவிட்ச் வைத்து மாட்டியிருக்க மாட்டார்கள். எல்.சி. வாங்கி, ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, கம்பம் ஏறுகிறவனுக்கு எந்த வீட்டு ஜெனரேட்டர் எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று தெரியாது. "ரிட்டன்" என்பார்கள் அவர்கள். ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம், அப்பாவோடு இருபது வருஷம் வேலை பார்த்த ஒருவர் அப்படித்தான் போனார். கல்யாண மண்டபம் ஒன்றின் ஜெனரேட்டர். மேலே மண்டபத்தில் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்ததாம். அப்பா அதை என்னிடம் அதுவரை சொன்னதில்லை. அந்தப் பையன் இருக்கும்போதுதான், அவனுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார்.

"இந்தப் பெட்டி கரண்ட் போனா நிக்கும்னு எழுதித் தருவியா?" என்று மட்டும் கேட்டார். சோலார் வாங்கும் வேறு யாரும் கேட்காத உத்தரவாதம். பையன் இன்வெர்ட்டரின் சான்றிதழை எடுத்துக் காட்டினான். மாட்டிய அன்று அப்பா மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, இன்வெர்ட்டர் பச்சை விளக்கு அணைகிறதா என்று நின்று பார்த்தார். மூன்று முறை.

*

அப்பாவுக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. "நான் வாங்குற பென்ஷன் இந்த பில்லுலேருந்துதான்ல வருது" என்றார் ஒருநாள் போனில். சிரித்தேன். ஆனால் அது சிரிக்கிற விஷயம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டுகிற வீட்டின் பில், அதே 2022 பட்டியலில், 675 ரூபாய். வருஷத்துக்கு 4,050. அவர்களுக்கு ஒரு கிலோவாட் போதும். எங்களுக்குச் சொன்ன விலையில் அது எழுபத்தைந்தாயிரம், மானியம் போக நாற்பத்தைந்தாயிரம். போட்ட காசு திரும்ப பதினோரு வருஷம். 900 யூனிட் ஓட்டுகிற வீட்டுக்கு பில் 5,550, வருஷத்துக்கு முப்பத்து மூவாயிரத்துச் சொச்சம். மூன்று கிலோவாட் போட்டால் மூன்றரை வருஷத்தில் காசு வந்துவிடும். சில்லறைக் கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் போட்ட கணக்கு இது, ஆனால் திசை மாறாது. சோலார் எப்போதும் உச்சிப் படியிலிருந்துதான் யூனிட்டை வெட்டும். உச்சிப் படியே ஏறாதவர்களுக்கு வெட்ட ஒன்றுமில்லை.

ஏழைக்கு மலிவாகக் கரண்ட் கொடுக்கிறோம், அதனால் ஏழைக்கு சோலார் லாபமில்லை. லாபம் யாருக்கு இருக்கிறதோ அவர்கள் மானியத்தையும் வாங்கிக்கொண்டு, அதிக விலை படியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். அவர்கள் கட்டிய அந்த எட்டு ரூபாயும் பத்து ரூபாயும்தான் கீழ்ப்படியின் 2.25-க்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. நாங்களும் வருஷத்தில் மூன்று முறை அந்த முட்டில் ஒரு கழியாக இருந்தவர்கள்தான்.

கரண்ட் விலை இந்த மண்ணில் எப்போதும் வெறும் விலையாக இருந்ததில்லை. யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா ஏற்றத்துக்காக விவசாயிகள் தெருவுக்கு வந்திருக்கிறார்கள். 1972-இல் கோவையை மாட்டுவண்டிகளால் நிறைத்த நாராயணசாமி நாயுடு, 1984 டிசம்பரில் காலமானது எங்கள் கோவில்பட்டியில்தான். அப்பா அவரைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம், குடிசைக்கு ஒரு விளக்கு, எல்லோருக்கும் நூறு யூனிட், இதெல்லாம் யாரோ கேட்டு, யாரோ இறங்கி வந்து கொடுத்தது. அந்த வரிசையில் கூரை மானியத்தைக் கொண்டு போய் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அதை வாங்க உங்களுக்கு முதலில் ஒரு கூரை சொந்தமாக இருக்க வேண்டும்.

எனக்கு இல்லை. பெருங்குடியில் நான் இருப்பது நான்கு மாடிக் கட்டிடத்தின் இரண்டாம் மாடி வாடகை வீடு. சென்னையில் என்னைப் போன்றவர்களில் பலருக்கு நூறு இலவச யூனிட்டே வந்து சேர்வதில்லை, வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். டெல்லியில் கூரை இல்லாதவர்கள் வேறெங்கோ இருக்கும் ஒரு பொதுவான சோலார் அமைப்பில் பங்கு வாங்கி, அதன் யூனிட்டைத் தங்கள் பில்லில் கழித்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம், மார்க்கெட், பேருந்து நிலையம் என்று எவ்வளவு பெரிய கூரைகள் வெயிலில் சும்மா காய்கின்றன. என் மானியத்தை என் கூரைக்குத்தான் தருவேன் என்று அரசாங்கம் ஏன் அடம்பிடிக்க வேண்டும்?

*

எங்கள் வீட்டிலேயே அந்தக் கேள்வி மாடியில் குடியிருந்தது. மேலே ஒரு போர்ஷன், தனி மீட்டர். தையல் வேலை செய்யும் ஒரு அக்காவும் அவர் மகளும் எட்டு வருஷமாக இருக்கிறார்கள். மோட்டார் வைத்த தையல் மெஷின், ஒரு ஃபேன், ஒரு டிவி. நூற்றுச் சொச்சம் யூனிட்தான் வரும், பில் என்று பெரிதாக எதுவும் கட்டியதில்லை. பேனல் வரப்போவது தெரிந்ததும் அம்மாவிடம் கேட்டிருக்கிறார், "எங்களுக்கும் அதுல வருமாக்கா?" வராது. மீட்டர் வேறு. வந்தாலும் அவருக்குக் கழிக்க எதுவுமில்லை. ஆனால் மொட்டைமாடி அவருக்கும் சேர்த்துத்தான். துணி காயப்போடும் கொடி அங்கேதான், கோடையில் ராத்திரி படுப்பதும் அங்கேதான்.

பேனல் நான்கும் இருநூறு சதுர அடியை எடுத்துக்கொள்ளும். தரையோடு தாழ்வாகப் போட்டால் செலவு குறைவு. அம்மா குறுக்கே வந்தாள். "வடகம் எங்க காயப்போட? அந்தப் புள்ள துணி எங்க காயப்போடும்?" ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு இரும்புச் சட்டம் அடித்து, மேலே பேனல் வைக்கலாம், பன்னிரண்டாயிரம் கூட ஆகும் என்றான் பையன். எண்பத்தேழாயிரம். அப்பா மறுபடி கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஏழு வருஷம். 76.

"உங்கம்மா வடகத்துக்கு நான் ஒரு வருஷம் கூட இருக்கணுமாம்ல" என்றார் என்னிடம். அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. ஏழு அடி உயரத்தில் சட்டம் வந்தது.

அதன் விளைவு என் கணக்குத்தாளில் எங்கும் இல்லாத ஒன்று. அடுத்த மே மாதம் ஊருக்குப் போனபோது மாடி வீட்டு அக்கா சொன்னார், "போன வருஷம் மாதிரி காந்தல தம்பி. மெஷின் மேல கை வைக்க முடியுது." யோசித்தால் எளிய விஷயம். மொட்டைமாடித் தளத்தின் மேல் நேராக விழுந்துகொண்டிருந்த வெயிலைப் பேனல்கள் வாங்கிக்கொள்கின்றன, இடையில் காற்று ஓடுகிறது, காங்கிரீட் சூடேறுவது குறைகிறது. எங்களுக்கு பில்லில் வந்த மிச்சம் எண்ணாக இருக்கிறது. அவருக்கு வந்தது நிழல். மூன்று சதவீதமோ முப்பது சதவீதமோ, எந்த மீட்டரும் அதைக் கணக்கெடுக்காது. பேனலைக் கையளவு உயரத்தில் தாழ்வாகப் போட்டிருந்தால் துணிக்கொடியை இழந்ததுதான் அவருக்கு மிச்சமாகியிருக்கும். இந்தத் திட்டத்தில் சரியாக நடந்த ஒரே நியாயம் வடகத்தால் நடந்தது என்று நினைக்கிறேன்.

*

அம்மாவுக்கு நெட் மீட்டரைப் புரியவைப்பதுதான் கடைசிக் கட்டம். "பகல்ல வர்றத ராத்திரி எப்படிய்யா ஓட்ட முடியும்? எங்க எடுத்து வைப்பாங்க?"

எங்கேயும் எடுத்து வைப்பதில்லை. பகலில் நாம் ஓட்டியது போக மிஞ்சுவது கம்பி வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் கடைக்கும் போய்விடும். இரவில் நமக்கு வேண்டியது வெளியிலிருந்து வரும். மீட்டர் போனதையும் வந்ததையும் தனித்தனியாக எழுதி வைத்துக் கழித்துக்கொள்ளும். "கைமாத்தும்மா" என்றேன். "நீ எதுத்த வீட்டுக்கு ஒரு டம்ளர் சீனி குடுத்து, அப்புறம் வாங்கிக்குவல்ல." அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

அப்பா விடவில்லை. "சீனி இல்லல. அறுப்பு நேரத்துல நெல்லக் குடுத்துட்டு, பஞ்சத்துல நெல்லக் கேக்குற." அவர் சொல்வது சரி. மதியம் ஒரு மணிக்கு எல்லோர் கூரையிலும் வெயில். கயத்தாறு பக்கம் காற்றாலை வேறு சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது நாம் கொடுக்கும் யூனிட் வாரியத்துக்குப் பெரிய உபகாரம் இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு நாம் கேட்கும் யூனிட்டுக்கு தூத்துக்குடியில் யாராவது நிலக்கரியைத் தள்ள வேண்டும். இரண்டையும் சமம் என்று எழுதுவது இப்போதைக்கு நமக்குக் கிடைத்திருக்கும் சலுகை. 2023 ஜூனில் மத்திய அரசு திருத்திய விதிகள், வெயில் நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும் என்ற திசையில்தான் போகின்றன. ஒருநாள் இந்தக் கைமாற்றின் கணக்கு மாறும். அதற்குள் கிரைண்டரையும் துணி மெஷினையும் மோட்டாரையும் பகலுக்குக் கொண்டு வந்துவிடுவது நல்லது என்று அப்பா சொல்ல, அம்மா அன்றே மாற்றிவிட்டாள். மாவு இப்போது பதினோரு மணிக்கு அரைபடுகிறது.

ஏ.சி. விஷயத்தில் மட்டும் மெதுவாகத்தான் அசைந்தாள். பில் சுழியம் வந்த முதல் முறை, அவளுக்கு சந்தோஷத்தைவிட சந்தேகம்தான் அதிகம். மீட்டரைக் குறிப்பதை நிறுத்தவில்லை, இப்போது காலண்டரில் இரண்டு எண்கள். வந்தது, போனது. பன்னிரண்டு மணிக்கு அணைந்த ஏ.சி. இந்தக் கோடையில் இரண்டு மணி வரை ஓடியதாக அப்பா சொன்னார். சமையல்கட்டுத் தரையில் யாரும் படுக்கவில்லை. ஐந்நூறு என்கிற எண்ணை வீட்டில் யாரும் உச்சரித்து ஒரு வருஷம் ஆகிறது.

எனக்குக் கிடைத்ததும் ஒன்று உண்டு. இன்வெர்ட்டரின் செயலி என் போனில் இருக்கிறது. கோவில்பட்டி வீட்டுக் கூரையில் இந்த நிமிஷம் எத்தனை வாட் என்று பெருங்குடியில் உட்கார்ந்து பார்க்கலாம். காலை ஆறரைக்குக் கோடு தரையை விட்டு எழும், மதியம் ஆயிரத்து அறுநூறைத் தொடும், ஆறு மணிக்குப் படுக்கும். ஐப்பசியில் கோடு பாதிக்குமேல் எழாது. நடுவில் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்தால் அங்கே மேகம் என்று அர்த்தம். மீட்டிங்குகளுக்கு நடுவே அதைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வானிலையைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வீடு ஓடிக்கொண்டிருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

போன வாரம் பன்னிரண்டு நாற்பதுக்குக் கோடு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இருநூறுக்கு விழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, அங்க மேகமா?"

"ஆமாய்யா, கருக்கிட்டு வருது. வடகம் மேல கெடக்கு, அந்தப் புள்ள துணியும் கெடக்கு. போன வை."

வைத்துவிட்டாள். கோடு இருநூறிலேயே கிடந்தது.